பத்துக்குப் பத்து வாங்கிய ஈட்டி

தாம்பரம் பக்கத்துப் பள்ளிகளில் இந்த வருஷம் கிராஃப்ட் ஆசிரியைகளாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளிடம் நிறையச் சரக்கு இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இருக்கத்தான் செய்கிறது. எந்தப் பசை எந்தத் தாளைச் சுருக்கும், மினுக்குத் தூள் தரையில் கொட்டினால் எதைக்கொண்டு அள்ளுவது என்பதெல்லாம் ஒரு மாசத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு வந்த ஓர் ஆண்டு விழாவைப் பற்றி எழுதுகிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை ஜில்லிட்டுப் போகிறது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஃபினிஷிங் பைத்தியம். பசை ஓரத்தில் வழிந்திருந்தால் அரை மார்க் போச்சு. வெட்டிய இடத்தில் பிசிறு தெரிந்தால் இன்னோர் அரை. பத்துக்கு ஏழரைக்கு மேல் நான் போட்டால் அந்தப் பிள்ளை வீட்டில் பாயசம் வைப்பார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி பேசுவார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பள்ளிக்கூடம் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் இருந்தது. அந்த வருஷம் நாலாம் வகுப்புக்கு வேட்டை நடனம் என்று முடிவானது. இருபத்தாறு பிள்ளைகள், இருபத்தைந்து ஈட்டி, ஒரு காட்டுப்பன்றி. ஈட்டிகளை வாடகைக்கு எடுக்க வேண்டாம், பிள்ளைகளே கிராஃப்ட் பிராஜெக்டாகச் செய்யட்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். நான்தான் செய்முறை எழுதிக் கொடுத்தேன். அரை அங்குல வயரிங் பைப் மூன்றடி. அதன் மேல் பழுப்பு டேப். அட்டைப் பெட்டியில் வெட்டிய முனை. முனைக்குச் சமையலறை ஃபாயில். முனையும் பைப்பும் சேர்கிற இடத்தில் சுற்றிலும் இறகு.

இறகு என்று எழுதியதும் ஆரம்பித்தது கூத்து. கோழிக் கறிக் கடையில் வாங்கி, ஷாம்பு போட்டு அலசி, மொட்டை மாடியில் காயவைத்ததைச் சிலர் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் ஜன்னலோரம் புறாக்கள் உதிர்த்ததை ஒரு மாசமாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தான். ஓர் அம்மா எனக்குப் போன் செய்து, "எங்க வீட்டுக்குள்ள கோழி இறகு வரவே கூடாது மிஸ், மாமியார் சாப்பிடவே மாட்டாங்க, வெளில வாசல்ல வச்சு ஒட்டிக்கலாமா?" என்று கேட்டார். சார்ட் பேப்பரில் இறகு வெட்டிக்கொள்ளுங்கள் என்று சமாதானம் செய்தேன். இப்படி இறகைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினோம். முனையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

உங்களுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. கிராஃப்ட் பிராஜெக்டைப் பிள்ளைகள் செய்வதில்லை. கோடு நேராக இருந்தால் அது அப்பா வெட்டியது. பூ வேலை அழகாக இருந்தால் அம்மாவோ அத்தையோ ராத்திரி கண் முழித்திருக்கிறார்கள். நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நாம் பிள்ளையைப் பார்த்து "நீயே செஞ்சியா?" என்று கேட்போம், அதுவும் "ஆமா மிஸ்" என்று தலையாட்டும். அந்த நாடகத்தில் நானும் வருஷக்கணக்கில் நடித்தேன்.

திங்கட்கிழமை ஈட்டிகள் வந்தன. மேசை மேல் வரிசையாக வைக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடி மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். வளைந்த முனை, கிழிந்த ஃபாயில், பசையில் ஊறிய இறகு. ஆறு, ஐந்தரை, ஆறு. அப்போதுதான் தன்யாவின் ஈட்டி கண்ணில் பட்டது. கழுத்தைச் சுற்றிச் சேவல் வால் இறகு, கறுப்பில் பச்சை மினுமினுக்க அடர்த்தியாகக் கட்டியிருந்தது. அதற்கு மேலே முனை. ஃபாயிலில் ஒரு சுருக்கம் இல்லை. நீங்கள் ஃபாயில் ஒட்டிப் பார்த்திருந்தால் தெரியும், சுருக்கமில்லாமல் ஒட்ட மனிதரால் ஆகாது. நான் அசந்துபோனேன்.

மனிதரால் ஆகாது என்று தோன்றியபோதே எழுந்து போய்த் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் தொடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்புக்குக் காட்டி, "பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா? இதுதான் வேலை" என்றேன். பத்துக்குப் பத்து போட்டேன். செல்போனில் படம் எடுத்துப் பெற்றோர் குரூப்பில் ஏற்றினேன். அதோடு நின்றேனா? "சூப்பர் ஃபினிஷிங். இதைப் பார்த்துத் திருத்திக் கொண்டுவர விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவரலாம். மார்க் கூட்டித் தரப்படும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். பிறகு டான்ஸ் மாஸ்டரைப் பார்த்து, அந்த ஈட்டி முன்வரிசையில் தெரிந்தால் நன்றாக இருக்கும், தன்யாவைத் தலைவியாக நிறுத்துங்கள் என்று சிபாரிசும் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது ஈட்டிகள் திரும்பி வந்தன. எல்லாம் பளபளவென்று இருந்தன. நான் அன்று மேடைக்குக் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றபடியே தலையைத் திருப்பிப் பார்த்து, "பரவால்லையே, எல்லாரும் கத்துக்கிட்டீங்களே" என்றேன். ஒன்பது பேருக்கும் மார்க் கூட்டிப் போட்டேன்.

நடனம் எப்படி முடியும் என்று சொல்ல வேண்டும். நடுவில் முகில் என்ற பையன் கறுப்புத் துணியும் பன்றி முகமூடியும் போட்டுக்கொண்டு சுற்றி ஓடுவான். அவனுக்குக் கால் தாளத்தில் விழாது, அதனால் அந்த வேஷம். பாட்டு நாலு நிமிஷம். கடைசி வரியில் அவன் நடுவில் குப்புற விழுந்து சுருண்டுகொள்வான். மற்ற இருபத்தைந்து பேரும் மேடையின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து ஓடிவந்து, ஈட்டி முனைகளை எல்லாம் அவன் மேல் ஒன்றாகச் சேர்த்து நிறுத்துவார்கள். படம் பிடிக்க நன்றாக இருக்கும் என்று மாஸ்டர் யோசித்து வைத்த முடிவு அது. அட்டை முனைதானே என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு விழா தொடங்கியது. முதல் மாடியில் ஆறாம் வகுப்பு அறையில் வேஷம் கட்டினோம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் கீழே இறங்கி மேடைக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். ராகவ் என்ற பையனுக்கு மட்டும் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. அதற்கு ஊக்குக் குத்துவதற்காக அவனை நிறுத்தி வைத்திருந்தேன். அவன் ஈட்டியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தான். மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று வட்டமடித்தது. அதைப் பார்க்க அவன் ஜன்னல் பக்கம் திரும்பியதில் முழங்கை பட்டு ஈட்டி சரிந்தது.

அது கீழே விழவில்லை. பெஞ்சின் மேல் விழுந்து, அதன் பலகையில் குத்திக்கொண்டு நின்றது. இறகுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அட்டை எப்படிப் பலகையில் குத்தி நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு மூன்று வினாடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய்ப் பிடுங்கினேன். பிடுங்குவதற்குக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. முனையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எவர்சில்வர். கட்டை விரலில் அழுத்தியதும் ரத்தப் பொட்டு வந்துவிட்டது.

"ராகவ், இது யார் செஞ்சது?"

"தன்யா அப்பா மிஸ். அவங்க கேட் செய்வாங்கல்ல. என்னோடதுக்கும் அவங்கதான் போட்டுக் குடுத்தாங்க."

"என்னோடதுக்கும்னா? வேற யாருக்குடா?"

"கேட்டவங்க எல்லாருக்கும் மிஸ்."

தன்யாவின் ஈட்டியில் ஃபாயிலே இல்லை. அதனால்தான் சுருக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை திரும்பி வந்த ஒன்பதிலும் ஃபாயில் இல்லை. நான் பத்துக்குப் பத்து போட்டது வீட்டுக் கேட்டின் மேல் வைக்கிற ஈட்டி முனைக்கு. மாடம்பாக்கத்தில் புது வீடு கட்டியவர்கள் திருடன் ஏறக்கூடாது என்று வரிசையாக வைத்திருப்பார்களே, அதே முனை. இப்போது அவை ஒன்பது வயதுப் பிள்ளைகளின் கையில் இருந்தன. கடைசி வரியில் அவர்கள் ஓடிவந்து அவற்றை முகிலின் முதுகில் சேர்க்கப் போகிறார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே மைக்கில் அறிவிப்பு கேட்டது. சீஃப் கெஸ்ட் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்ததால் எங்கள் நடனத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். பாட்டு தொடங்கிவிட்டது.

ராகவைப் பெஞ்சில் உட்காரவைத்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினேன். மாடிப்படியில் இறங்கி, நடைபாதையைக் கடந்து, மேடையின் பக்கவாட்டுக்குப் போய்ச் சேரும்போது பாட்டில் பாதி போயிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் திரையோரம் நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நிறுத்துங்க. ஈட்டி எல்லாம் இரும்பு."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னும் ஒன்றரை நிமிஷம் மிஸ். சீஃப் கெஸ்ட் பாத்துக்கிட்டு இருக்காரு. சும்மா இருங்க."

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கத்தினேன். "தன்யா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். பயந்த குரல். அந்தப் பெண் ஆடிக்கொண்டே, ஈட்டியோடு, சட்டென்று என் பக்கம் திரும்பினாள். முனை அரைவட்டம் சுற்றி வந்து பக்கத்தில் நின்ற பெண்ணின் காதோரமாகப் போயிற்று. அவள் தலைப்பாகையில் செருகியிருந்த இறகு அறுந்து விழுந்தது. கையில் ஆயுதம் வைத்திருக்கும் குழந்தையைப் பெயர் சொல்லிக் கத்தினால் அது நம் பக்கம் திரும்பும், ஆயுதமும் கூடவே திரும்பும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டை நிறுத்தலாமா என்று யோசித்தேன். சவுண்ட் செட் ஆள் பத்தடி தூரத்தில்தான் இருந்தார். ஆனால் ஒத்திகையில் மாஸ்டர் தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார். கரண்ட் போனாலும், பாட்டு நின்றாலும், ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று. பாட்டை நிறுத்தினால் இன்னும் வேகமாக ஓடிவந்து குத்தி முடித்துவிட்டு நிற்பார்கள். விளக்கை அணைத்தால் அதைவிட மோசம். திரையை இழுத்தால் இழுக்கிற சத்தத்தில் நடுவில் எவன் எங்கே திரும்புவான் என்று தெரியாது. நான் உள்ளே ஓடலாம். ஓடினால் இருபத்து நாலு ஈட்டியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பும்.

இதையெல்லாம் அப்போது இவ்வளவு வரிசையாக நான் யோசிக்கவில்லை. மேடையில் முகில் நடுவில் போய் விழுந்துவிட்டான். மற்றவர்கள் ஓரத்துக்கு நகர ஆரம்பித்தார்கள்.

என் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. இருபத்தாறு கத்தரிக்கோல் ஒரே அறையில் இருந்தால் யாராவது யாருடைய சடையையாவது வெட்டுவார்கள். அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லி வைத்திருந்தேன். நான் "கை காலி" என்றால், கையில் எது இருந்தாலும் அப்படியே கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் காட்ட வேண்டும். பாதி வெட்டிய தாளாக இருந்தாலும் சரி. நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று முறை அவர்கள் செய்தது அது.

தொகுப்புரை சொல்லும் இங்கிலீஷ் மிஸ் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அவள் "அக்கா, என்ன?" என்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். வகுப்பில் சொல்கிற அதே குரலில், அவசரமே இல்லாமல் சொன்னேன்.

"நாலாம் வகுப்பு. கை காலி."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்து நாலு பிள்ளைகளும் நின்ற இடத்தில் குனிந்து ஈட்டிகளைத் தரையில் வைத்தார்கள். நிமிர்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார்கள். முகிலும் படுத்தபடியே, முகமூடியோடு, வெறும் கைகளை விரித்துக் காட்டினான். கூட்டம் அதுவும் நடனத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சீஃப் கெஸ்ட்டும் தட்டினார். நான் திரையை இழுக்கச் சொன்னேன்.

மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடி ஒவ்வோர் ஈட்டியாக இழுத்து முனையைத் தடவினேன். மேடையில் ஒன்பது, மேலே ராகவின் ஒன்று, ஆகப் பத்து. மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர் அதன்பின் யாரையும் திட்டவில்லை.

தன்யாவின் அப்பா பின்பக்கம் ஓடிவந்தார். மாடம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முன்பு அவர்கள் வயல் இருந்த இடத்தில் இப்போது கிரில் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனுஷன். பள்ளிக்கூடக் கேட்டின் கீல் உடைந்தபோது கேட்காமலே வந்து ஒட்டிக் கொடுத்தவர்.

"இன்னா மிஸ் ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க? பாப்பா அழுதுகினு கீது."

நான் ஒரு முனையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முகிலைக் காட்டினேன். அவன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

அவர் முனையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அட்டைல செஞ்சா மொன வளைஞ்சிக்கினே இருந்துச்சு மிஸ். அதான் கடைல கெடந்ததுல ஒண்ணு போட்டு, பாலிஷ் அடிச்சிக் குட்த்தேன். நீங்க குரூப்ல சூப்பர்னு போட்டீங்க. அப்பறம் ஒவ்வொருத்தரா போன் பண்ணாங்க, எங்க புள்ளைக்கும் போட்டுக் குடுங்கன்னு. நம்ம பசங்கதானேன்னு எல்லாருக்கும் போட்டேன்."

"குத்தும்னு தோணலையா?"

"நீங்க பாத்துட்டு மார்க்கு போட்டுட்டீங்களே மிஸ். டீச்சரே பாத்தாச்சு, சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சிட்டேன்."

நமக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை, தெரிந்துகொள்ளுங்கள். நாம் மார்க் போட்டுவிட்டால் அப்பா, அம்மா, டான்ஸ் மாஸ்டர், தாளாளர் எல்லோரும் பார்த்துவிட்டதாகவே அர்த்தம். கண்ணால் மார்க் போடாதீர்கள். எழுந்து போங்கள், கையில் எடுங்கள், முனையை உங்கள் உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். அட்டை, மூங்கில், ஐஸ் குச்சி எதுவானாலும் சரி. ஓய்வு பெறும் வரை மிச்சமிருந்த மூன்று வருஷமும் நான் அப்படித்தான் செய்தேன். கூட வேலை பார்த்தவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அன்றைக்கே, விழா முடிவதற்குள், தாளாளர் அறைக்கு அழைத்தார்கள். ஆயுதத்தை உள்ளே கொண்டுவந்தது பெற்றோர் என்று எழுதிக் கொடுத்தால் விஷயம் அதோடு முடியும் என்றார். மார்க் போட்டது நான், குரூப்பில் படம் போட்டதும் நான், கூடுதல் மார்க் தருவதாகச் சொல்லி வரவழைத்ததும் நான் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மெமோ கொடுத்தார். என்னைப் பாராட்டி நாலு பேர் பேசினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சமயோசிதமாக மைக்கைப் பிடித்தாள், ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் காபி வாங்கிக் கொடுத்தார்கள். நானும் அதை நம்பி அந்தக் காபியைக் குடித்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இந்தக் கதையை நான் பல கூட்டங்களில் இந்த இடம் வரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

காபி குடித்துவிட்டு மேலே போனேன். முகில் மட்டும் அறையில் இருந்தான். அவன் அம்மா நாவலூரில் வேலை பார்க்கிறவர், சனிக்கிழமையும் ஷிப்ட். வந்து கூட்டிப் போகும் வரை காத்திருந்தான். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். வேர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. எனக்கு அவனைப் பார்த்ததும் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயந்துட்டியாடா?"

"இல்ல மிஸ். இன்னிக்குக் குத்தல."

முறுக்கை மென்றுகொண்டே, சாதாரணமாகச் சொன்னான்.

"இன்னிக்கின்னா? என்னிக்குடா குத்துச்சு?"

"ரிகர்சல்ல மிஸ். புதன்கிழமை ஒண்ணு. வியாழக்கிழமை ரெண்டு. தன்யா வேணும்னு குத்தல, ஓடி வந்தா நிக்க மாட்டேங்குது."

"யார்கிட்டயும் சொல்லலையா நீ?"

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது போலிருந்தது.

"உங்ககிட்டதான் சொன்னேன் மிஸ்."

சொன்னான். ஆமாம். வியாழக்கிழமை மத்தியானம், நடைபாதையில். இரண்டு கை நிறையக் காகிதப் பூ வைத்திருந்தேன். பின்னாலிருந்து புடவையைப் பிடித்து இழுத்து, "மிஸ், தன்யா ஈட்டி குத்துது" என்றான். நான் நின்றுகூடப் பார்க்கவில்லை. "அட்டை எங்கயாவது குத்துமாடா? பன்னின்னா கொஞ்சம் ரோஷமா இருக்க வேணாமா?" என்று சிரித்தேன். கூட வந்த இங்கிலீஷ் மிஸ்ஸும் சிரித்தாள். அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போனான். அந்த ஜோக் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், ஸ்டாஃப் ரூமில் ஒரு தரம் திருப்பிச் சொன்னேன். இரண்டே நாளில் சுத்தமாக மறந்தும் போனேன்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே மூன்று பொட்டு. இரண்டு காய்ந்திருந்தன. ஒன்றைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. நான் தொட்டதும் தோளைச் சுருக்கிக்கொண்டான். நான் அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்கில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினான்.

அவன் அம்மா வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. யாரோ வழியில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். "ரொம்ப தேங்க்ஸ் மிஸ். நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் நான் சும்மா இருந்திருந்தால் அந்த நன்றி எனக்கு நிலைத்திருக்கும். பையன் சொல்லியிருக்க மாட்டான், இரண்டு நாள் சொல்லாமல்தானே இருந்தான். அந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

அவனைத் திருப்பி, நானே சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "ரிகர்சல்ல குத்தியிருக்கு. இரும்பு முனை. வியாழக்கிழமை என்கிட்ட வந்து சொன்னான். நான் சிரிச்சுட்டு அனுப்பிட்டேன்" என்றேன்.

அவர் ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுப் பார்த்தார். "குளிக்கும்போது முதுகுல கையே வைக்க விடல. கொசுக்கடின்னு சொன்னான்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையை இறக்கி விட்டுவிட்டு, "டிடி ஊசி போடணும்ல? ரெண்டு நாள் ஆச்சே, இப்போ போட்டாப் போதுமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் சேலையூர் பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அவர் கூப்பிடவில்லை, நானாக ஏறிக்கொண்டேன். டாக்டர் காயத்தைப் பார்த்து, மருந்து எழுதி, ஊசிக்கு அனுப்பினார். முகில் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினான். நர்ஸ் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "வலிச்சா சொல்லிடுப்பா" என்றார்.

அவன் நர்ஸைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். ஊசி ஏறி இறங்கும் வரை வாயைத் திறக்கவே இல்லை.